கீழே விழுந்தவன் யார்?

முதலில் ஒரு எண்: 352.

எரிஷ் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் பைலட் இரண்டாம் உலகப் போரில் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் இருக்கும் விமானங்கள் அத்தனை. போர்முனைக்குப் போனபோது அவருக்கு வயது இருபது. போர் முடிந்தபோது இருபத்து மூன்று. இரண்டரை வருஷத்தில் 352! அடுத்த இடம் கெர்ஹார்ட் பார்க்ஹார்ன், 301. மூன்றாவது குந்தர் ரால், 275. உலகப் பட்டியலில் முதல் மூன்று இடங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஜே.ஜி. 52 என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஜெர்மன் விமானப்படைப் பிரிவுதான் அந்த வீடு.

பேச்சு வழக்கில் ஸ்க்வாட்ரன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிசு. மூன்று குழுக்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்க்வாட்ரன், எல்லாம் நிரம்பியிருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள். போர் முழுக்க இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்டது பத்தாயிரத்துக்கும் மேல்.

இவர்களைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் வந்துவிட்டன. யுத்த சரித்திரப் பிரியர்களுக்கும் விமானப் பைத்தியங்களுக்கும் அவை வெல்லக்கட்டி. இந்த வாரம் அவற்றில் சிலதைப் பார்க்கலாம். அவை என்ன சொல்கின்றன என்பதைவிட, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன், 1970-ல் வந்த 'தி ப்ளாண்ட் நைட் ஆஃப் ஜெர்மனி'. ஹார்ட்மனின் வாழ்க்கை வரலாறு. எழுதியவர்கள் ரேமண்ட் டாலிவர், ட்ரெவர் கான்ஸ்டபிள் என்று இரண்டு பேர். டாலிவர் அமெரிக்க விமானப்படையில் கர்னலாக இருந்தவர். கான்ஸ்டபிள் இன்னொரு பக்கம் பறக்கும் தட்டுகளைப் பற்றியும் புத்தகம் எழுதியவர். அதை வைத்து இந்தப் புத்தகத்தை எடை போடக் கூடாது. இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லை.

சும்மா சொல்லக் கூடாது, விறுவிறுப்பான புத்தகம். ஒரு இடம் சொல்கிறேன். 1943 ஆகஸ்ட். ஹார்ட்மனின் விமானம் ரஷ்யர்கள் பக்கம் தரை இறங்கிவிடுகிறது. பலமாக அடிபட்ட மாதிரி நடிக்கிறார். அவர்களும் நம்பி, ஸ்ட்ரெச்சரில் வைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். வழியில் காவலுக்கு இருந்தவனைத் தாக்கிவிட்டுக் குதித்து, சூரியகாந்தித் தோட்டத்துக்குள் ஓட்டம். இரவெல்லாம் நடந்து தன் பக்கம் வந்து சேர்கிறார். இதற்குள் அவருடைய விமான மெக்கானிக் மெர்ட்டென்ஸ் என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் கேட்காமல் ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, தன் பைலட்டைத் தேடி எதிரி எல்லைக்குள் நடந்தே போய்விட்டார். சினிமாவில் வைத்தால் 'காதில் பூ' என்போம்.

ஹார்ட்மனின் போர் முறையும் நன்றாக விளக்கப்பட்டிருக்கிறது. பார், முடிவெடு, தாக்கு, விலகு. அவ்வளவுதான். குட்டிக்கரணம் போட்டுத் துரத்துகிற வேலையெல்லாம் கிடையாது. எதிரி விமானம் கண்ணாடி முழுக்க அடைக்கும்வரை நெருங்கி, ஒரே குண்டுமழை. பிறகு தலைமறைவு. வீர சாகசத்தைவிட வழிப்பறிக்குப் பக்கத்தில் இருக்கிற தொழில் இது. ஹார்ட்மன் இதை மறைத்ததே இல்லை. 352ஐவிட, தன்னோடு துணைக்குப் பறந்தவர்களில் ஒருத்தரையும் சாகக் கொடுக்கவில்லை என்பதுதான் தனக்குப் பெருமை என்று சொல்லிவந்தார். கப்பிட்டோ என்ற ஒரே ஒரு துணை பைலட் சுடப்பட்டார். அவரும் பாராசூட்டில் பிழைத்துக்கொண்டார்.

புத்தகத்தின் உயிர், போர் முடிந்த பிறகு வருகிற பக்கங்களில் இருக்கிறது. 1945 மே 8. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜே.ஜி. 52. அதன் தலைவர் ஹெர்மன் கிராஃபுக்கும் ஹார்ட்மனுக்கும் மேலிடத்து உத்தரவு வருகிறது: நீங்கள் இரண்டு பேரும் விமானத்தில் ஏறி பிரிட்டிஷ்காரர்களிடம் போய்ச் சரணடைந்துவிடுங்கள், ரஷ்யர்கள் கையில் சிக்கினால் தொலைந்தீர்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள். கூடவே இருந்த சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்கள், அகதிகளாக வந்த பெண்கள், குழந்தைகள்... இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? எல்லோரும் நடந்து போய் பீஸெக் ஊர்ப்பக்கம் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்கள். அமெரிக்கர்கள் ஒப்பந்தப்படி அத்தனை பேரையும் ரஷ்யர்களிடம் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததைப் புத்தகம் விரிவாகச் சொல்கிறது. படித்துவிட்டுச் சாப்பிட உட்கார முடியாது.

அதன் பிறகு பத்து வருஷச் சிறை. தனிமைக் கொட்டடி, உண்ணாவிரதம், வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே உணவு. அவர் சிறையில் இருக்கும்போதே பிறந்த மகன், மூன்று வயது ஆவதற்குள் இறந்துபோகிறான். அப்பா பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனைவி உர்சுலா காத்திருக்கிறார். 1955-ல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனாவர் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகுதான் விடுதலை. இந்தத் தண்டனை செல்லாது என்று 1997-ல் ரஷ்யாவே அறிவித்தது. ஹார்ட்மன் செத்து நாலு வருஷம் கழித்து!

இவ்வளவு நல்ல விஷயங்கள் இருக்கிற புத்தகத்தில் என்ன குறை என்கிறீர்களா? சொல்கிறேன்.

புத்தகத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி. 1944 மார்ச். ஹார்ட்மன், பார்க்ஹார்ன், குருபின்ஸ்கி எல்லோரும் ஹிட்லர் கையால் பதக்கம் வாங்க ரயிலில் போகிறார்கள். வழியெல்லாம் மது. மலை மேல் இருக்கிற ஹிட்லர் மாளிகைக்குத் தள்ளாடிக்கொண்டே போய்ச் சேருகிறார்கள். அங்கே மாட்டியிருந்த ஒரு தொப்பியை எடுத்து ஹார்ட்மன் தலையில் வைத்துக்கொள்ள, அது காதுவரை இறங்குகிறது. அதிகாரி ஓடிவந்து பிடுங்குகிறார். அது ஹிட்லரின் தொப்பி!

சிரித்துவிடுகிறோம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். இந்தப் பையன்களுக்கும் ஹிட்லருக்கும் ஒரு ஒட்டும் உறவும் இல்லை, விளையாட்டுப் பிள்ளைகள், பறக்கத் தெரிந்ததால் பறந்தார்கள் என்று நம் மனசு தானாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவர்கள் அன்று எதற்காகப் பதக்கம் வாங்கினார்கள், அது எந்த மண்ணின் மேல் பறந்து சம்பாதித்தது என்ற கேள்வி, சிரிப்புச் சத்தத்தில் காணாமல் போகிறது. தலைப்பிலேயே 'நைட்' என்று போட்டுவிட்டார்களே! மாவீரன், குதிரை, கவசம், கண்ணியம். வானத்தில் ராஜாக்கள் காலத்துப் போர் நடந்த மாதிரியும், கீழே தரையில் நடந்தது வேறு யாரோ செய்தது மாதிரியும்.

தரையில் என்ன நடந்தது? ஜே.ஜி. 52-ன் பைலட்டுகள் உக்ரைன் வானத்தில் பறந்துகொண்டிருந்த அதே 1941 செப்டம்பரில், 29, 30 தேதிகளில், கீவ் நகரின் எல்லையில் பாபி யார் என்ற பள்ளத்தில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த எண் கொன்றவர்களே எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டில் இருப்பது. ஜெர்மானியர் பிடித்துவைத்த ரஷ்யச் சிப்பாய்களில் பட்டினியிலும் குளிரிலும் செத்தவர்கள், சுடப்பட்டவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். சோவியத் நாடு மொத்தமாக இழந்தது ஏறக்குறைய இரண்டு கோடியே எழுபது லட்சம் உயிர்.

ஜே.ஜி. 52-ன் பைலட்டுகள் யாரையும் பள்ளத்தின் ஓரம் நிறுத்திச் சுடவில்லைதான். ஆனால் வானம் அவர்கள் கையில் இருந்ததால் தரையில் ராணுவம் முன்னேறியது. ராணுவம் முன்னேறியதால் பின்னாலேயே கொலைப்படை வர முடிந்தது. இந்தக் கண்ணிகளில் ஒன்றை மட்டும் கழற்றித் துடைத்துப் பளபளவென்று வைப்பதுதான் இந்த மாதிரிப் புத்தகங்களின் வேலை. பீஸெக்கில் ஜெர்மன் பெண்களுக்கு நடந்த கொடுமையைச் சொன்னது தப்பே இல்லை, சொல்லத்தான் வேண்டும். அதே கண்கள், அதற்கு முன் நாலு வருஷமாக விமானத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த கிராமங்களின் பக்கம் இப்படித் திரும்பவில்லை. அதுதான் என் புகார்.

அமெரிக்கர்கள் ஏன் இப்படி எழுதினார்கள்? 1970 என்ற வருஷத்தைப் பாருங்கள். பனிப்போர் உச்சம். மேற்கு ஜெர்மனி நேட்டோவில் தோழன். ரஷ்யா எதிரி. ரஷ்யச் சிறையில் பத்து வருஷம் வளையாமல் நின்ற ஒரு ஜெர்மானியன் கிடைத்தால் விடுவார்களா? ரொனால்ட் ஸ்மெல்ஸர், எட்வர்ட் டேவிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2008-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள். ரஷ்யப் போர்முனையைப் பற்றிய ஜெர்மன் தளபதிகளின் கதை அப்படியே அமெரிக்க வாசகனின் கதையாக எப்படி மாறியது என்று.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஹெர்மன் கிராஃபின் கதியைப் பாருங்கள். எளிய குடும்பத்துப் பையன். 1942-ல் உலகத்திலேயே முதலில் 200 என்ற எண்ணைத் தொட்டவர். ஹிட்லரின் பிரசார இயந்திரம் அவர் போட்டோவை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது. கால்பந்துப் பைத்தியம் வேறு. தேசிய அணிக் கோச் ஹெர்பெர்கருக்கு நண்பர். தன் படையில் 'சிவப்பு வேட்டைக்காரர்கள்' என்று ஒரு டீம் அமைத்து, நல்ல நல்ல ஆட்டக்காரர்களைச் சிப்பாய்களாக அதற்குள் இழுத்துக்கொண்டார். போர்முனையில் சாகாமல் அவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித் தப்பியவர்களில் ஒருத்தர் ஃப்ரிட்ஸ் வால்டர். 1954-ல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை ஜெயித்தபோது காப்டன் அவர்தான்!

ரஷ்யச் சிறையில் கிராஃப் ஹார்ட்மனைப் போல முரண்டு பிடிக்கவில்லை. தோற்றுவிட்டோம், இனி ஒத்துப்போக வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார். 1949-ல் திரும்பி வந்தார். அவ்வளவுதான், பழைய பைலட்டுகள் அவரை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். டாலிவரும் கான்ஸ்டபிளும் புத்தகத்தில் அவரைக் காய்ச்சியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஹிட்லரின் போஸ்டர் பையனாக இருந்தபோது கிராஃப் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ரஷ்யர்களோடு பேசியதும்தான் துரோகி. அகதிகளை விட்டு ஓட மாட்டேன் என்று ஹார்ட்மனோடு தோளுக்குத் தோள் நின்றவர் இவரும்தான். ஒரே நாளில் ஒரே முடிவெடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு மாலை, ஒருவருக்குச் செருப்பு. ஸ்வீடன்காரர் கிறிஸ்டர் பெர்க்ஸ்ட்ரோம், ரஷ்ய ஆய்வாளர் உட்பட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 2003-ல் 'கிராஃப் அண்ட் கிரிஸ்லாவ்ஸ்கி' என்ற புத்தகத்தை எழுதினார். கிராஃபை மறுபடி மனுஷனாகப் பார்க்க அதுதான் வழி செய்தது. எதிர்ப்பக்கத்துக்கும் இடம் கொடுக்கிற புத்தகம் அது. இந்த அலமாரியில் அபூர்வம்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 352 நிஜமா? 1991-க்குப் பிறகு சோவியத் ஆவணங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, இரண்டு பக்கக் கணக்கையும் தேதிவாரியாக ஒப்பிட ஆரம்பித்தார்கள். சில நாட்கள் பொருந்துகின்றன. சில நாட்கள் உதைக்கின்றன. இதில் ஆச்சரியம் இல்லை. வான்சண்டை சில விநாடி விவகாரம். ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டால் இரண்டு பேர் கணக்கிலும் ஏறும். புகை விட்டுக்கொண்டு கீழே பாய்ந்தவன் செத்தான் என்று எழுதிவிடுவார்கள். அவன் தாழப் பறந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பான். எல்லா நாட்டு பைலட்டுகளும் இப்படித்தான். ஜெர்மானியர் எண்ணிக்கை இவ்வளவு பெரிசானதற்கு இன்னொரு காரணம், அவர்களுக்கு ஓய்வே கிடையாது. பிரிட்டிஷ், அமெரிக்க பைலட்டுகள் இத்தனை மணி பறந்தால் போதும் என்று பின்னால் அனுப்பப்பட்டார்கள். ஜெர்மானியன் சாகும்வரை, அல்லது கைகால் போகும்வரை பறக்க வேண்டியதுதான். ஹார்ட்மன் போய்வந்த தடவைகள் 1,404. பார்க்ஹார்ன் முதல் விமானத்தை வீழ்த்தியது 120-வது தடவைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவரை அவருக்கு ஒன்றும் மாட்டவே இல்லை.

(பார்க்ஹார்ன் பற்றி ஒரு குட்டிக் கதை. 1965-ல் இங்கிலாந்தில், செங்குத்தாக எழும்பி இறங்குகிற கெஸ்ட்ரல் என்ற புது விமானத்தைப் பரீட்சித்துப் பார்க்கும்போது தரையில் இடித்து நொறுக்கிவிட்டார். தூக்கிவிட வந்தவர்களிடம் 'முந்நூற்றி ரெண்டு' என்றாராம்!)

352-ஆ, அதைவிடக் குறைவா என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. இரண்டு கட்சிக்காரர்களுமே விமானங்களைத்தான் எண்ணுகிறார்கள். விமானத்துக்குள்ளே உட்கார்ந்திருந்தவன்?

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த சோவியத் புத்தகங்கள் ஞாபகம் இருக்கிறதா? அதில் 'உண்மை மனிதனின் கதை' என்று ஒரு தடிப் புத்தகம். பரீஸ் பொலெவோய் எழுதியது. பல வீடுகளில் அப்பாவின் அலமாரியில் இன்னும் இருக்கலாம். அலெக்ஸேய் மரேஸ்யெவ் என்ற நிஜ பைலட்டின் கதை அது. 1942 ஏப்ரலில் ஜெர்மானியர் சுட்டு அவர் விமானம் காட்டில் விழுகிறது. இது வடக்குப் பக்கம் நடந்தது, சுட்டது ஜே.ஜி. 52 அல்ல. உடைந்த கால்களோடு பனியில் தவழ்ந்தும் உருண்டும் 18 நாள். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். செயற்கைக் கால்களோடு 1943 கோடையில் கூர்ஸ்க் சண்டைக்கு அவர் திரும்ப வந்தார். அந்தச் சண்டையில் எதிரே ஜே.ஜி. 52-ம் இருந்தது.

ஏதோ ஒரு ஜெர்மன் படையின் நோட்டுப் புத்தகத்தில் மரேஸ்யெவ் ஒரே ஒரு கோடு. தேதி, நேரம், விமானத்தின் வகை. முடிந்தது. அந்தக் கோட்டுக்குள்ளேதான் 18 நாள் இருக்கிறது.

பொலெவோய் புத்தகமும் லேசுப்பட்ட பிரசாரம் இல்லை. அதில் வருகிற சோவியத் மனிதர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி உத்தமர்கள். ஸ்டாலின் ராஜ்யத்தில் போருக்கு முன்பே எத்தனை விமானப்படைத் தளபதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்ற பேச்சே வராது. சோவியத் பைலட்டுகளில் பெரிய புள்ளி போக்ரிஷ்கின், அதிகாரபூர்வ எண்ணிக்கை 59, தெற்கு முனையில் ஜே.ஜி. 52-க்கு எதிரே பறந்தவர். போரின் முதல் நாளில் அவர் சுட்டது தன் நாட்டு விமானத்தையே! புது மாடல், யாரும் அவருக்குக் காட்டிவைக்கவில்லை. அந்த மாதிரிக் குளறுபடிகளுக்குப் பொலெவோயிடம் இடம் இல்லை. ஆனாலும் கீழே விழுந்தவனோடு கூடவே தவழ்ந்து வருகிற ஒரு காரியத்தை அவர் செய்திருக்கிறார். மேலே இருந்து எழுதப்பட்ட புத்தகங்களில் அது கிடைக்காது.

போருக்குப் பிந்தைய கதையும் கேட்கத்தக்கது. இந்த நண்பர்கள் பலரும் புது ஜெர்மன் விமானப்படையில் பெரிய பதவிக்குப் போனார்கள். ஹார்ட்மன் ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்க ஜெட் நமக்கு வேண்டாம், ஆளைக் கொல்லும் என்று சண்டை போட்டுப் பகைத்துக்கொண்டு 1970-ல் வெளியேறினார். அவர் சொன்னது நடந்தது. ஜெர்மனி வாங்கிய 916-ல் ஏறக்குறைய 300 விழுந்து நொறுங்கின, நூற்றுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் செத்தார்கள். ரால் விமானப்படையின் தலைவரே ஆனார். பிறகு நிறவெறி அரசாங்கம் நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய்வந்த விவகாரத்தில் 1975-ல் பதவி போயிற்று. குருபின்ஸ்கி கதை இன்னும் மோசம். ரூடல் என்று ஒரு பழைய விமானி, கடைசிவரை நாஜி. 1976-ல் ஒரு விமானத் தளத்தில் நடந்த பழைய சிநேகிதர்கள் கூட்டத்துக்கு அந்த ஆள் வந்தது சரிதான் என்று குருபின்ஸ்கியும் இன்னொரு ஜெனரலும் பத்திரிகைக்காரர்களிடம் வக்காலத்து வாங்கினார்கள். முன்னாள் கம்யூனிஸ்ட் ஒருத்தர் நாடாளுமன்றத்தில் இருக்கலாம் என்றால் இவர் இங்கே வரக் கூடாதா என்பது அவர்கள் வாதம். அரசாங்கம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. தொப்பிக் காட்சியில் சிரித்தோமே, அதில் ஒருத்தர்தான் இந்த குருபின்ஸ்கி.

இந்தக் கூட்டத்தில் ஓரளவு எழுதத் தெரிந்தவர் யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப். ஜே.ஜி. 52-ல் இருந்து 1943-ல் வேறு பிரிவுக்குத் தலைவராகப் போனவர். (மர்செய் என்று ஒரு பையன், பின்னாளில் 'ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்' என்று புகழப்பட்டவன், முதலில் ஜே.ஜி. 52-ல் இவருக்குக் கீழேதான் இருந்தான். அவன் அட்டகாசம் தாங்காமல் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டவர் இவர்தான்.) 1945 ஏப்ரல் 18 அன்று ஸ்டைன்ஹாஃபின் ஜெட் விமானம் ஓடுபாதையிலேயே வெடித்தது. முகம் வெந்துபோயிற்று. கண் இமைகள் இல்லை. 1969-ல் ஒரு பிரிட்டிஷ் டாக்டர் கைத்தோலை எடுத்து இமை தைத்துக் கொடுக்கும்வரை இருபத்து நாலு வருஷம் அவரால் கண்ணை மூட முடியவில்லை.

அதே 1969-ல் அவர் எழுதிய புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் ஆஃப் மெஸினா'. 1943-ல் சிஸிலித் தீவில் தோற்றுக்கொண்டே இருந்த சில வாரங்கள். சாகசம் இல்லை, எண்ணிக்கை இல்லை. வெயில், தூசி, தூக்கமின்மை, பயம். பைலட்டுகள் கோழைகள், பிரிவுக்கு ஒருவனை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்து என்று கோரிங் அனுப்பிய தந்தி. தான் யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்பது மெல்ல மெல்ல உறைக்கிற ஒரு அதிகாரியின் வயிற்றுக் கலக்கம். அவரும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. யூதர்கள், கைதிகள் என்ற இடம் வரும்போது அவர் குரலும் இறங்கிவிடுகிறது. ஆனால் வாசகனைக் கிச்சுகிச்சு மூட்டித் தப்பிக்கிற வேலை இவரிடம் இல்லை.

படிக்க நினைக்கிறவர்கள் ஸ்டைன்ஹாஃபில் ஆரம்பியுங்கள். அடுத்து பெர்க்ஸ்ட்ரோம். ஹார்ட்மன் புத்தகத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். சிறைப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'உண்மை மனிதனின் கதை' பழைய புத்தகக் கடைகளில் தேடினால் அகப்படலாம். சோவியத் பைண்டிங், லேசில் கிழியாது.